பெட்ரோல் பங்க் மீட்டர் மேல சந்தேகமா? 5 லிட்டர் அளவைக் கேளுங்க!

திருப்பூரில் ஷிஃப்ட் விட்டதும் பனியன் கம்பெனி டூவீலர்கள் நேரா போய் நிற்கிற இடம் பங்க்தான். 100 ரூபாய்க்குப் போடுற அவசரத்துல மெஷின் கோளாறு எது, ஏமாத்து வேலை எதுன்னு யார் பார்க்கிறாங்க?

பெட்ரோல் மெதுவாக வருகிறதா? பெரும்பாலும் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லைன்னா நிலத்தடி டேங்க்கில் இருப்பு குறைந்திருக்கும். நாஸில் 'டக்'கென்று நின்றுவிடுகிறதா? அதன் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. நுரை வந்து மூடினாலே தானாக கட் ஆகும். வேகத்தைக் குறைத்துப் பிடித்தால் போதும். இதையெல்லாம் பார்த்துப் பதற வேண்டாம்.

மீட்டரே பொய் சொன்னால்தான் வம்பு. 2017-ல் லக்னோ பங்க்குகளில் சிப் பொருத்தி அளவைக் குறைத்ததை உத்தரப்பிரதேச போலீஸின் சிறப்பு அதிரடிப்படை பிடித்தது. சிப் இருந்தால் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். 'ஜீரோ பார்த்துட்டேனே' என்ற நிம்மதி அங்கே செல்லாது.

அதற்குத்தான் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம். பங்க்கில் அது கட்டாயம் இருக்க வேண்டும். "அண்ணா, 5 லிட்டர் அளந்து காட்டுங்க"ன்னு கேட்கலாம், காசு கிடையாது. பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும். 25 மில்லி வரை கூடக்குறைய இருந்தால் விதி அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்தால் புகார்தான். தமிழ்நாட்டில் இந்த மெஷின்களைச் சோதித்து முத்திரை வைப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம். பில்லை மட்டும் மறக்காம வாங்கி வெச்சுக்கோங்க.