கெல்லிஸ் கோட்டை: பாதியில் நின்ற மாளிகையும் அதைக் கட்டிய தமிழர்களும்

பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கு அருகே, ஆற்றோரக் குன்றின் மீது நிற்கிறது கெல்லிஸ் கோட்டை. பெயர்தான் கோட்டை. உண்மையில் இது ஒரு தோட்டத் துரை தம் குடும்பத்திற்காகக் கட்டத் தொடங்கி, முடிக்காமல் போன மாளிகை.

துரையின் கனவு

வில்லியம் கெல்லி ஸ்மித் 1870இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயா வந்தார். காடு அழிக்கும் குத்தகையில் பொருள் ஈட்டி, கிந்தா வட்டாரத்தில் நிலம் வாங்கி ரப்பர் பயிரிட்டார். ஈயத் தொழிலிலும் இறங்கினார். தம் ஊர் நினைவாகத் தோட்டத்திற்குக் ‘கிந்தா கெல்லாஸ்’ என்று பெயரிட்டார்.

1915இல் மகன் பிறந்த பிறகு இந்த மாளிகையின் வேலை தொடங்கியது. ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கி, உள்ளரங்க டென்னிஸ் திடல் எனத் திட்டம் பெரிது. செங்கலும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. வளைவுகளும் தூண்களும் எழுப்ப, சென்னை மாகாணத்திலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர்.

காய்ச்சலும் கோயிலும்

வேலை நடந்துகொண்டிருந்தபோது ‘ஸ்பானிய காய்ச்சல்’ பரவியது. தொழிலாளர்கள் பலர் மாண்டனர். அம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டும் என்று எஞ்சியவர்கள் கேட்க, துரை இசைந்தார். மாளிகைக்குச் சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் கூரையில் தெய்வச் சிலைகளோடு ஸ்மித்தின் உருவத்தையும் தொழிலாளர்கள் வைத்தனர். துரைக்கு அவர்கள் காட்டிய நன்றி அது.

1926இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். அவர் மனைவி சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் குரோஸ்பீல்டு நிறுவனத்திற்கு விற்றார். வேலை நின்றது. காடு மீண்டும் ஏறி வந்தது.

மீட்பும் பராமரிப்பும்

பல்லாண்டு கழித்துச் செடிகொடிகள் அகற்றப்பட்டு, மாளிகை சுற்றுலாத் தலமாயிற்று. 1999இல் வெளியான ‘அன்னா அண்ட் தி கிங்’ படத்தின் காட்சிகள் இங்கு எடுக்கப்பட்டன. இன்று கட்டணம் செலுத்தி உள்ளே சென்று பார்க்கலாம். முடிக்காத அறைகளும், மின்தூக்கிக்கு விட்ட இடமும் அப்படியே இருக்கின்றன.

பழைய கட்டடத்திற்கு முதல் எதிரி நீர். கூரை ஒழுகினால் சுவர் ஊறும். விரிசலில் ஆலும் அரசும் வேர்விடும். அடுத்த எதிரி, அவசரமாகப் பூசும் சிமெண்டு. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும்; சிமெண்டு அதை உள்ளே அடைத்து, செங்கல்லை உதிரச் செய்யும். அதனால்தான் பழைய சுவருக்குப் பழைய காரையே ஏற்றது என்கிறார்கள் வல்லுநர்கள்.

நம் பங்கு

துரையின் பெயர் பலகையில் நிற்கிறது. செங்கல் சுமந்தவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. அவர்களின் அடையாளமாக எஞ்சியிருப்பவை அந்தச் சுவர்களும் கோயிலும்தாம்.

தோட்டங்கள் துண்டாடப்படும்போது லயன் வீடுகளும் ஆலைக் கட்டடங்களும் தமிழ்ப்பள்ளிகளும் இப்படியே மறைகின்றன. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. ஆனால் இடிப்பதற்கு முன் படம் எடுத்து வைக்கலாம். அங்கு வாழ்ந்த தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வைக்கலாம். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ், ஓர் இடத்தைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப் பொதுமக்களும் முன்மொழியலாம்.

அடுத்த விடுமுறையில் கெல்லிஸ் கோட்டைக்குச் செல்பவர்கள், மாளிகையோடு திரும்பிவிடாமல் மாரியம்மன் கோயிலுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பிள்ளைகளிடம் அந்தக் கூரையைக் காட்டி, அதை வைத்தவர்கள் யார் என்று சொல்லுங்கள்.