துளியும் சான்றும்

மழைக்காலங்களில் அப்புத்தளைத் தோட்ட லயங்களின் தகரக் கூரையிலிருந்து பீப்பாயில் வீழும் ஒவ்வொரு துளியும் நீரிற் குழியொன்றைத் தோற்றுவித்து, அதன் நடுவே தூணொன்றை எழுப்பி மறைகின்றது. வெறுங்கண்ணுக்கோ அது வெறுங் கலக்கமே. அக்கணத்தைப் பதிவுசெய்ய மனிதன் மேற்கொண்ட முயற்சியின் வரலாறு, சான்று என்பது யாது என்னும் வினாவின் வரலாறுமாகும்.

ஆங்கிலேயப் பௌதிக அறிஞரான ஆதர் வேதிங்ரன் 1870களில் இவ்வாய்வைத் தொடங்கினார். இருட்டறையில் துளி வீழும் வேளை மின்பொறியொன்று பளிச்சிடும். அவ்வொளியிற் கண்டதை அவர் உடனே வரைந்துகொள்வார். அவர் வெளியிட்ட வரைபடங்களில் ஒவ்வொரு சிதறலும் ஒழுங்கான சமச்சீருடன் விளங்கியது. 1894 இல் அதே மின்பொறியின் துணைகொண்டு ஒளிப்படம் எடுப்பதில் அவர் வெற்றி கண்டார். படங்களோ கோணலும் குறையும் காட்டின. ஒழுங்கற்றவற்றைத் தற்செயலென ஒதுக்கி, மனத்திலிருந்த இலட்சிய வடிவையே தாம் வரைந்து வந்ததை அவர் மறைக்காது ஒப்புக்கொண்டார். இந்நேர்மையே அவரது ஆய்வின் பெரும்பேறு எனலாம். 1957 இல் அமெரிக்கரான ஹரல்ட் எட்ஜேற்றன் எடுத்த உலகப்புகழ் பெற்ற பாற்றுளிக் கிரீடமும் இம்மரபின் வழிவந்ததே.

வேதிங்ரன் துளிகளை வரைந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1875 இல், யூலியா மார்கிரற் கமரன் என்னும் ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் இலங்கை வந்தார். அவரது குடும்பத்தினர் இங்கு கோப்பித் தோட்ட உடைமையாளராயிருந்தனர். 1879 இல் டிக்கோயாவில் இறக்கும்வரை தோட்டத் தொழிலாளரையும் ஊர்மக்களையும் அவர் படம்பிடித்தார். ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தகட்டின் முன் அம்மக்கள் பல வினாடிகள் அசையாது நிற்கவேண்டியிருந்தது. ஓயாது உழைத்த மக்கள் அசைவற்ற உருவங்களாகவே பதிவாயினர். 1878 இல் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் தலைப்பு அதிலுள்ளோரைக் களுத்துறைக் குடியானவர் என்று மட்டுமே சுட்டுகின்றது. அவர்தம் பெயர்கள் அதில் இல்லை. கருவி அனுமதித்ததும் எடுப்பவர் விரும்பியதுமே அங்கு வரலாறாயின.

இன்று துளியைப் படம்பிடிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இருண்ட அறை, பாலூற்றிய தட்டு, மருந்துச் சொட்டி, தாங்கியிற் பொருத்திய கமரா, மின்னொளி விளக்கு ஆகியன போதும். கமராவின் மூடியைத் திறந்துவைத்து, விளக்கின் வலுவைக் குறைத்துத் துளி தட்டைத் தொட்டவுடன் ஒளிரச் செய்தல் வேண்டும். வலு குறையக் குறைய ஒளிர்வின் நேரமும் சுருங்கி, வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கினுங் குறைவாகும். அச்சுருக்கமே அசைவை நிறுத்துகின்றது. பல படங்கள் பிழைக்கும். அவற்றையும் அழிக்காது வைத்தலே வேதிங்ரன் கற்பித்த பாடம்.

அப்பாடம் நமக்கும் உரியது. புன்னகையுடன் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் தேயிலைப் பெட்டிகளிற் சமச்சீராகவே அமைந்துள்ளது. லயத்துப் பெட்டிகளில் உறங்கும் மங்கிய குடும்பப் படங்களோ கோணலானவை. ஆயினும் அவற்றிலுள்ளோருக்குப் பெயர்கள் உண்டு. அப்பெயர்களை அறிந்த முதியோர் நம்மிடையே வாழும்போதே அவற்றைப் படங்களின் பின்புறத்தில் எழுதிவைப்போமாக.