தணிகைச் சீமையின் இருமொழிப் பள்ளிகள்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா செல்லும் இருப்புப்பாதையில் திருத்தணியைக் கடந்தால் பொன்பாடி வரும். அதற்கப்பால் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்றொரு நிலையம். பெயர்ப்பலகையின் நீளத்தைக் கண்டே மாநிலம் மாறிவிட்டதென்று பயணி முடிவு கட்டிக் கொள்வான். சற்றுத் தொலைவு சென்றதும் ஏகாம்பரகுப்பம் என்ற பலகை, காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர் போல ஆந்திரத்துக்குள் நின்று, அந்த முடிவை ஆட்டிவிடும். எல்லைப்புறத்தின் இயல்பு இதுதான். கல் நட்டு எல்லை வகுக்கலாம். வீட்டு முற்றத்தில் தாய் தன் மகவை அழைக்கும் மொழிக்குக் கல் நட முடியாது.

திருத்தணி என்றவுடன் 365 படிகளையும், ஆடிக் கிருத்திகைக் காவடிகளையும், அருணகிரிநாதரையும், தணிகைப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவரையும் நினைப்பது தமிழ்நாட்டார் வழக்கம். அக்காவடிகளோடு வரும் கூட்டத்தில் பெரும்பகுதி தெலுங்கு பேசுவது என்பதைச் சேர்த்து நினைப்போர் சிலரே. கோயிலை எழுதியோர் பலர். நாம் இங்கு எழுத முற்படுவது அம்மலையடிவாரத்துப் பள்ளிக்கூடத்தைப் பற்றி. குறிப்பாக, ஒரே கூரையின் கீழ் இரு மொழிகளில் பாடம் சொன்ன உயர்நிலைப்பள்ளி எவ்வாறு தோன்றி, எவ்வாறு இளைத்தது என்பதைப் பற்றி.

இச்சீமை முன்னர்க் கார்வேட்டிநகர ஜமீனைச் சார்ந்திருந்தது. வடஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுள் சென்றது. தமிழும் தெலுங்கும் ஒரே சந்தையில் விலை பேசிய நிலம் இது. திண்ணைப் பள்ளிக் காலத்தில் ஒரு தெருப் பிள்ளை எண்சுவடியும் ஆத்திசூடியும் ஓத, அடுத்த தெருப் பிள்ளை பெத்த பாலசிட்சையை உருப்போட்டான். இருவருக்கும் மணல் ஒன்றுதான். விரல் எழுதிய எழுத்துத்தான் வேறு. 1888இல் இவ்வூரில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் இங்கே தொடக்கக் கல்வி பெற்று, பின்னர்த் திருப்பதியிலும் வேலூரிலும் சென்னையிலும் பயின்று உலகறிந்த தத்துவப் பேராசிரியரானார். அவர் வளர்ந்த வழியைப் பார்த்தாலே இச்சீமையின் கல்வி எந்த மொழிகளுக்கிடையே நடைபோட்டது என்பது விளங்கும்.

அன்றைய உயர்நிலைப்பள்ளியின் பாடத்திட்டத்தில் ஒரு விந்தை உண்டு. எஸ்.எஸ்.எல்.சி. முறை இம்மாகாணத்தில் 1911இல் நடைமுறைக்கு வந்தது. கணக்கும் அறிவியலும் சரித்திரமும் ஆங்கிலத்தில் நடந்தன. தாய்மொழி என்பது பல பாடங்களுள் ஒரு பாடம். ஆகவே தமிழ்ப் பிள்ளையும் தெலுங்குப் பிள்ளையும் நாள் முழுவதும் ஒரே பலகையில் அமர்ந்திருந்து, தாய்மொழிப் பாட வேளைக்கு மட்டும் மணியடித்ததும் இரண்டு அறைகளுக்குப் பிரிந்து போவர். ஒரு தமிழ்ப் பண்டிதரும் ஒரு தெலுங்குப் பண்டிதரும் இருந்தால் போதும். இருமொழிப் பள்ளி நடந்துவிடும். அந்நிய மொழி ஒன்று இருவருக்கும் சமமாகக் கடினமாக இருந்தமையால் இருவருக்குள்ளும் வழக்கெழவில்லை. இதனை நாம் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறோம்.

வழக்கு எழுந்தது நன்மையான ஒரு சீர்திருத்தத்தினால். பிள்ளைகள் எல்லாப் பாடங்களையும் தத்தம் தாய்மொழியிலேயே கற்க வேண்டும் என்ற கொள்கை 1930களின் பிற்பகுதியில் மாகாண உயர்நிலைப்பள்ளிகளில் காலூன்றத் தொடங்கி, அவினாசிலிங்கம் கல்வியமைச்சராக இருந்த 1946–1949 ஆண்டுகளில் உறுதிப்பட்டது. மதுரைக்கும் தஞ்சைக்கும் இது ஒரு சிக்கலுமின்றி நன்மையாயிற்று. திருத்தணி போன்ற ஊர்களிலோ, நேற்றுவரை ஒன்றாயிருந்த வகுப்பு இரண்டாயிற்று. ஒரு பண்டிதரை மட்டும் கூடுதலாக வைத்திருந்த பள்ளி இனிக் கணக்குக்கு இருவர், அறிவியலுக்கு இருவர், சரித்திரத்துக்கு இருவர் என்று வைக்க வேண்டும். நான்கு வகுப்புக்கு நான்கு அறை போதுமென்றிருந்த கட்டடத்துக்கு எட்டு அறை தேவை. இந்தச் செலவை ஏற்க முடியாத இடத்தில் என்ன நடக்கும்? பெரும்பான்மையின் மொழி பயிற்று மொழியாகும். சிறுபான்மைப் பிள்ளை அதிலேயே வந்து உட்காருவான். தாய்மொழிக் கல்வி என்ற கொள்கையே ஒரு பிள்ளைக்குத் தாய்மொழியைக் கொடுத்துப் பக்கத்துப் பிள்ளையிடமிருந்து எடுத்துக் கொண்டது.

இதன் துன்பம் நமக்குக் கேள்வி ஞானமன்று. நாம் ஓதிய மதரஸாவில் கிதாபு அறபியில் இருக்கும். உஸ்தாத் அதற்கு உருதுவில் பொருள் சொல்வார். தமிழ்ப் பிள்ளைகளாகிய நாம் அந்த உருதுவைத் தமிழாக்கி மனத்தில் இருத்திக் கொள்வோம். ஆற்றைக் கடக்க இரண்டு ஓடம் மாறியது போலத்தான். உருது கற்றோம் என்ற இலாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் முதல் ஈராண்டில் உடன் ஓதிய எத்தனையோ பேர் இரண்டாம் ஓடத்தில் ஏறாமலே ஊர் திரும்பினர். அவர்கள் மந்த புத்தியினர் அல்லர்.

இனி எல்லை வரலாற்றுக்கு வருவோம். சித்தூர் மாவட்டத்துத் தமிழர் தம் மொழியை எழுதப் படிக்க வகையின்றிப் போவதைக் கண்டு ஊர் ஊராய்ச் சென்று தமிழ் வகுப்பு நடத்தியவர் மங்கலங்கிழார். எல்லைப் போராட்டம் மேடையேறுமுன் அது ஒரு பள்ளிக்கூட வேலையாகவே தொடங்கியது என்பதை நம்மவர் மறந்துவிடலாகாது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சென்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில், மங்கலங்கிழார் மறைந்தார். ம.பொ.சிவஞானமும் திருத்தணி வழக்கறிஞர் விநாயகமும் போராட்டத்தை முன்னெடுத்தனர். படாஸ்கர் நடுவராய் அமர்ந்து தீர்வு சொல்ல, 1959இல் சட்டமியற்றப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் இப்பக்கம் வந்தன. சத்தியவேடு முதலிய ஊர்கள் அப்பக்கம் சென்றன.

அந்த ஏப்ரல் முதல் நாள் காலையில் பள்ளிக்கூடத்தில் நடந்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான்: முந்தைய நாள் வரை சிறுபான்மையாயிருந்த தமிழ்ப் பிள்ளை பெரும்பான்மையானான், தெலுங்குப் பிள்ளை சிறுபான்மையானான். பலகையும் அதுவே, வாத்தியாரும் அவரே. தராசு மட்டும் மறுபக்கம் சாய்ந்தது. முதல் நாள் வரை நமக்கு நீதி என்று கேட்டதை மறுநாள் பிறர்க்குக் கொடுக்கும் கடமை நம்மேல் வந்து விழுந்தது. இக்கடமை எவ்வாறு நிறைவேறியது என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

சட்டம் கைவிட்டதென்று சொல்ல முடியாது. 1956இல் அரசியல் சட்டத்தின் ஏழாம் திருத்தத்தால் 350-ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மையினர் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்ய முயல வேண்டும் என்கிறது அது. ஆனால் எதுவரை? தொடக்கக் கல்வி வரை மட்டுமே. உயர்நிலைப்பள்ளியின் வாசலில் அப்பிரிவு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் அரசுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளே துணை. தொடக்கப் பள்ளிக்கு 1949இல் கல்வியமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்குச் சொன்னது: பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் இருந்தால் அம்மொழி ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும். உயர்நிலைக்குத் தென்மண்டலக் குழு 1959இல் வகுத்து, 1961இல் முதலமைச்சர்கள் மாநாடு ஏற்ற கணக்கு இன்னும் கடுமையானது: கடைசி நான்கு வகுப்புகளிலும் சேர்த்து 60 பிள்ளைகள், வகுப்புக்கு 15 பேர்.

நான்கு வகுப்பு, வகுப்புக்கு 15, ஆக 60. ஏட்டில் மிக ஒழுங்கான கணக்கு. ஊரில் அது எப்படியிருக்கும் என்று வாசகர் எண்ணிப் பார்க்க வேண்டும். பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் தறி நெய்யும் வீடுகள் நிறைய. நெசவு மந்தமான ஆண்டில் எட்டாம் வகுப்புப் பையன் பள்ளியை விட்டு நூல் சுற்றப் போவான். பெண்பிள்ளை வயது வந்ததும் வீட்டில் நிற்பாள். தமிழ்ப் பிரிவில் ஐம்பது பேர் நாற்பத்தைந்தானால் யாரும் கவனியார். தெலுங்குப் பிரிவில் பதினைந்து பேர் பதினான்கானால் அப்பிரிவின் உயிரே ஊசலாடும். பிரிவு நிற்காது என்ற பேச்சுக் கிளம்பினால் அடுத்த ஆண்டில் தகப்பன் அதில் பிள்ளையைச் சேர்க்க அஞ்சுவான். அச்சம் எண்ணிக்கையைக் குறைக்கும். எண்ணிக்கை அச்சத்தைக் கூட்டும். ஒரு மொழியின் உரிமை ஆணையால் பறிபோவதைவிட வருகைப் பதிவேட்டில் கரைந்து போவது எளிது; குற்றவாளியென்று சுட்ட ஒருவரும் இருக்கமாட்டார்.

பாடநூல் தனிக் கதை. அப்பிள்ளைக்கு வேண்டியது எல்லைக்கு அப்பாலுள்ள அரசின் தெலுங்கு நூலன்று. இந்நாட்டுப் பாடத்திட்டத்தைத் தெலுங்கில் சொல்லும் நூல். 1970இல் நிறுவப்பட்ட தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அந்நூல்களையும் அச்சிட்டது. இதில் நாம் கண்ட ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். நம் தந்தையார் காலத்துத் தமிழ்ப் பாடநூலில் சரித்திரம், பூகோளம், பீஜகணிதம் என்றிருந்தன. தெலுங்கிலும் சரித்ர, பூகோளம், பீஜகணிதம்தான். இரு பிரிவினரும் மதில்மேல் சாய்ந்து பேசிக்கொள்ளலாம். பின்னர்த் தமிழ் தன் சொல்லால் நிற்க விழைந்து வரலாறு, புவியியல், இயற்கணிதம் என்று எழுதியது. அது தமிழுக்கு ஆக்கமே. நாமும் அவ்வாறே எழுதுகிறோம். ஆயினும் பிரிவுகளுக்கிடையே இருந்த மதில் ஒரு முழம் உயர்ந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பின்னமும் வர்க்கமூலமும் மட்டும் இரு மொழிக்கும் இன்றும் பொதுச் சொத்தாயிருக்கின்றன. முக்கோணம் அங்கே திரிபுஜம்.

1968 ஜனவரி 23இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. இருமொழி என்பதற்குத் தலைநகரில் தமிழும் ஆங்கிலமும் என்று பொருள். திருத்தணியின் தெருவில் அச்சொல்லுக்குத் தமிழும் தெலுங்கும் என்றே பொருள். இவ்விரண்டு பொருளும் மோதிய இடத்தில் இரு குறைகள் விளைந்தன. தெலுங்கை முதற்பாடமாகவும் ஆங்கிலத்தை இரண்டாம் பாடமாகவும் கொண்ட பிள்ளை, தமிழ்நாட்டிலேயே வாழ்ந்து, தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதவும் கல்லாமல் பள்ளியிறுதி முடிக்கலாம். தமிழ்ப் பிள்ளையோ, அண்டை வீட்டார் மொழியைக் காதால் நாளும் கேட்டும் அதன் எழுத்தைப் பள்ளியில் ஒருநாளும் காணாமல் வெளியேறுவான். முதற்குறையைப் பலரும் பேசினர். இரண்டாவதைக் குறையென்று கருதியோரை நாம் கண்டதில்லை.

முதற்குறையைத் தீர்க்க 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2006–2007இல் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2015–2016இல் பத்தாம் வகுப்பை எட்டியது. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி ஏனைய பாடங்கள். தாய்மொழி வேறானவர்க்கு நான்காம் பகுதியாக அம்மொழி, விரும்பினால். வாழும் மண்ணின் மொழியைக் கல்லாமல் ஒருவன் வாழ வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். தமிழ் கற்பது அப்பிள்ளைக்கே பயன். ஆனால் விருப்பப் பாடம் என்பதன் பொருளை ஆசிரியத் தொழிலில் இருப்போர் அறிவர். தேர்வு நெருங்கும் மாதத்தில் முதலில் பறிபோகும் பாட வேளை அதுவே. போதிய தமிழாசிரியர் வாராமலே பத்தாம் வகுப்பை எட்டிய தெலுங்கு, உருதுப் பள்ளிகளின் பிள்ளைகள் விலக்குக் கேட்டு நீதிமன்றம் சென்றனர், உயர்நீதிமன்றம் விலக்களித்தது. 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் மேலும் ஓராண்டு நீட்டித்தது. ஆம்பூர், வாணியம்பாடி உருதுப் பள்ளிகளும் இதே படகில் இருந்தமையால் இவ்வழக்கு நம்மவர்க்கும் அந்நியமானதன்று.

எல்லைக்கு அப்பாலும் பார்ப்போம். நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. அங்கே தமிழ்ப் பிள்ளை நிற்கும் இடம், இங்கே தெலுங்குப் பிள்ளை நிற்கும் இடமேதான். குப்பத்தில் 1997இல் திராவிடப் பல்கலைக்கழகம் எழுந்தது. அண்டை மொழிகள் ஒன்றையொன்று கற்க வேண்டுமென்ற நோக்கம் அங்கே மிக உயரத்தில் நிறைவேறியது, ஆறாம் வகுப்பில் நிறைவேறவில்லை. 2019 நவம்பரில் ஆந்திர அரசு தொடக்க வகுப்புகளை ஆங்கிலவழிக்கு மாற்ற ஆணையிட, 2020 ஏப்ரலில் அம்மாநில உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளியது. தமிழ்நாட்டில் 2012–2013 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகத் தொடங்கின.

ஆக, எல்லைப்புறப் பள்ளியில் வகுப்புகள் இன்றும் இரண்டாகவே பிரிகின்றன: ஒன்று தமிழ்வழி, மற்றொன்று ஆங்கிலவழி. தெலுங்கு பேசும் நெசவாளி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு வருகிறான். தெலுங்குப் பிரிவு உண்டா என்று அவன் கேட்பதில்லை. ஆங்கிலப் பிரிவில் இடம் உண்டா என்று கேட்கிறான். அவனுக்குப் பின்னால் நிற்கும் தமிழ்த் தகப்பனும் அதையேதான் கேட்கிறான்.