தரை விரிசலுக்கு ஒரு சரித்திரம்

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். போதாக்குறைக்கு வாரக்கடைசியில ஊருக்குப் போனா வீட்டுல ஒரே பஞ்சாயத்து. பாகூர் பக்கம் எங்க கிராமத்து வீட்டுத் தரையை உடைச்சு டைல்ஸ் போடணும்னு அப்பா. "நான் போனப்புறம் என்னவேணா போட்டுக்கங்க"ன்னு ஆயா. ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிடுச்சு, வீட்டுக்குள்ள செருப்பு போட மாட்டாங்க. வழுவழு டைல்ஸ்ல தண்ணி சொட்டினா என்னாகும்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா விரிசல் விளிம்புல கால் கட்டைவிரல் இடிச்சு நகம் பேர்ந்ததும் அவங்களுக்குத்தான். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு!

விரிசலை நானே அடைச்சுப் பாக்குறேன்னு வாய் விட்டுட்டேன். பொட்டி தட்டுறவனுக்கு எதுக்கு கரணைன்னு கேக்காதீங்க. ஒரு பக்கை சரி பண்றதுக்கு முன்னாடி பழைய கோடை யார் எழுதினாங்க, ஏன் எழுதினாங்கன்னு பாக்குறது தொழில் பழக்கம். அப்படித் தரையோட பூர்வீகத்தைத் தேடப் போனதுதான் இந்தப் பதிவு. மொக்கையா இருந்தா மன்னிச்சூ.

முதல்ல மண் தரை. எங்க ஏரியா களிமண் பூமி. காஞ்சா வெடிக்கும், நனைஞ்சா ஊதும். அந்த மண்ணுலயே தரை போட்டா வெடிக்காம இருக்குமா? வெடிக்கத்தான் செய்யும். ஆனா அது யாருக்கும் பிரச்சினையே இல்ல. ஆயா சொன்னது: "வெள்ளிக்கு வெள்ளி சாணி மொழுவறோம், அதுல வெடிப்பு எங்கடா நிக்கும்?" அவ்ளோதான். ரிப்பேர்னு தனியா ஒரு வேலையே கிடையாது, அது வாராந்திர மெயின்டனன்ஸ்ல அடக்கம். நெல்லடிக்கிற களமும் அப்படியே. அறுவடைக்கு முன்னாடி செதுக்கி, தண்ணி தெளிச்சு, கட்டையால தட்டி, சாணிக் கரைசல் பூசினா புதுக்களம். அடுத்த போகத்துக்கு மறுபடியும். வெடிப்புல ஒரு நெல்லு விழுந்தாலும் நஷ்டம் நமக்குத்தானே.

இந்தப் பழக்கம் எவ்ளோ பழசுன்னா, புறநானூற்றுல 249ஆம் பாட்டுல கணவனை இழந்த ஒரு பெண் முறம் அளவு சின்ன இடத்தைக் கண்ணீரையும் சாணத்தையும் சேர்த்து மெழுகுறா. தமிழிலக்கியத்துல எனக்குத் தெரிஞ்சு தரை வேலை பத்தின மிகச் சோகமான இடம் அதுதான். சரி, மேட்டருக்கு வருவோம்.

அடுத்தது சுண்ணாம்பு. புதுச்சேரி டவுன்ல பிரெஞ்சுக்காரன் தெருவாகட்டும் தமிழன் தெருவாகட்டும், பழைய வீடுன்னா செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். கழிமுகத்துக் கிளிஞ்சலைச் சுட்டா சுண்ணாம்பு. கூட ஆத்து மணல். உடைஞ்ச செங்கலையும் ஓட்டையும் இடிச்ச தூளுக்கு சுர்க்கின்னு பேரு. தரைக்கும் மாடிக்கும்னா செங்கல் ஜல்லியோட சுண்ணாம்பைக் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, நாள்கணக்கா கட்டையால இடிப்பாங்க. பெரும்பாலும் பொம்பளைங்க வேலை. இடிக்க இடிக்க இறுகும். இறுகும்போதே வர்ற வெடிப்பு அதே இடியில மூடிக்கும்.

இதுல கெமிஸ்ட்ரி கொஞ்சம் இருக்கு, பயப்படாதீங்க. சுண்ணாம்பு காத்துல இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மெதுவா மறுபடி கல்லாகுது. ஒரே நாள்ல இல்ல, வருஷக்கணக்குல. உள்ள இன்னும் கல்லாகாத சுண்ணாம்பு மிச்சம் இருக்கும். மயிரிழை விரிசல் விட்டு அதுக்குள்ள மழைத்தண்ணி இறங்கினா, அந்த மிச்சச் சுண்ணாம்பு கரைஞ்சு வந்து விரிசல்லயே படிஞ்சு அடைச்சுடும். தன் காயத்தைத் தானே ஆத்திக்கிற சரக்கு.

பழைய ரோமாபுரி கான்கிரீட்டும் இதே கதைதான். 2023 ஜனவரியில எம்ஐடி பேராசிரியர் அட்மிர் மாசிக்கும் அவர் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ரோமானியக் கான்கிரீட்டுல வெள்ளை வெள்ளையா தெரியற சுண்ணாம்புக் கட்டிங்க, சரியா கலக்காததால வந்த குறைன்னுதான் பலரும் நினைச்சிருந்தாங்க. அதுதான் விரிசலை அடைக்கிற மருந்தேன்னு காட்டினாங்க. அதே முறையில செஞ்ச கான்கிரீட்டை வேணும்னே விரிசல் விடவச்சு, அது வழியா தண்ணியை ஓடவிட்டா, ரெண்டு வாரத்துல அடைச்சுக்கிச்சாம்.

இந்த ரோமாபுரி ஜாடிங்கதான் நம்ம அரிக்கமேட்டுல கிடைச்சது. 1945ல மார்ட்டிமர் வீலர் தோண்டினப்போ மதுச்சாடித் துண்டும், அரெட்டைன் பாண்டத் துண்டும், பெரிய செங்கல் கட்டடமும் கண்டாரு. எங்க ஊர்லேர்ந்து பைக்ல போயிடலாம். சரக்கு வந்த துறைமுகம்தான், ஆனா சுண்ணாம்பு வித்தையை அவன்கிட்டயா கத்துக்கிட்டோம்னு யாரும் சண்டைக்கு வராதீங்க, நான் அப்படிச் சொல்லல :)

சுண்ணாம்பு சாகாவரம் வாங்கினதுன்னும் சொல்லல. கடற்கரையில 1871ல கட்டின மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில பொலபொலன்னு சரிஞ்சு விழுந்தது ஞாபகம் இருக்கும். நான் அப்போ ஸ்கூல் பையன். 2021ல அதே தோற்றத்துல திரும்பக் கட்டித் திறந்தாங்க. தானா ஆறுறது மயிரிழை விரிசல் மட்டும்தான். அதுக்கு மேல போச்சுன்னா கொத்தனார் வரணும், வருஷாவருஷம் பாக்கணும்.

இப்ப வில்லன் வர்றார். வில்லனான்னு முடிவு பண்றது உங்க இஷ்டம்.

1824ல இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின்ங்கிற கொத்தனார் போர்ட்லண்ட் சிமெண்டுக்குப் பேடண்ட் வாங்கினார். நம்ம நாட்டுல முதல் முயற்சி 1904ல மெட்ராஸ்ல, அதுவும் கிளிஞ்சல்லேர்ந்து! ஆனா ஓடல. போர்பந்தர்ல 1914ல ஆரம்பிச்சதுதான் நிலைச்சுது. தமிழ்நாட்டுல 1930கள்ல மதுக்கரை, 1939ல டால்மியாபுரம். 1953 கல்லக்குடி போராட்டம்னு அரசியல் பதிவுகள்ல படிச்சிருப்பீங்களே, அதே ஊர்தான்.

புதுச்சேரிக்கு இதுல ஒரு பெருமை உண்டு. அரவிந்தர் ஆசிரமத்துக் கோல்கொண்டே விடுதி, இந்தியாவோட ஆரம்பகால நவீன கான்கிரீட் கட்டடங்கள்ல ஒண்ணு. ஆர்க்கிடெக்ட் அன்டோனின் ரேமண்ட். கூட நின்னு கட்டினவங்க ஜார்ஜ் நாகஷிமாவும் ஃப்ரான்டிசெக் சாமரும். 1930களோட கடைசியில ஆரம்பிச்சு உலகப்போர் நடுவுல இழுத்து இழுத்து முடிச்சாங்க. எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, வேலை செஞ்சவங்கள்ல நிறையப் பேர் கட்டட வேலையே தெரியாத ஆசிரமவாசிங்க. கலவை போட்டாங்க, சோதிச்சுப் பார்த்தாங்க, கத்துக்கிட்டாங்க. கதவு ஜன்னல் பித்தளைச் சாமானுக்குப் பழைய பாத்திரங்களை உருக்கினாங்க. கான்கிரீட்டும் வீட்டுக்காரன் கையால செய்யக்கூடிய வேலையாத்தான் நம்ம ஊருக்குள்ள வந்துச்சு. இது முக்கியம், மனசுல வச்சுக்கங்க.

கிராமத்துக்கு சிமெண்ட் வர ரொம்ப லேட். புதுச்சேரி இந்தியாவோட சேர்ந்தது 1954 நவம்பர் 1. அப்புறம் பல வருஷம் சிமெண்ட் விலையும் விநியோகமும் அரசாங்கக் கட்டுப்பாட்டுல. பெர்மிட் வாங்கணும். சிமெண்ட் கோட்டா விவகாரத்துல மகாராஷ்டிர முதல்வர் அந்துலே 1982 ஜனவரியில பதவியே போய் இறங்கினாருன்னா, அந்தச் சாம்பல் பொடிக்கு இருந்த மவுசைப் பாத்துக்கங்க.

எங்க தாத்தா வீடு கட்டினது அந்தப் பெர்மிட் காலத்துல. கிடைச்ச மூட்டை கம்மி. அதனால கீழ செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, மேல முக்கால் இஞ்ச் கனத்துக்கு மட்டும் சிமெண்ட், அதுல காவி. ரெட் ஆக்சைடு தரைன்னு இப்போ இன்டீரியர் டிசைனருங்க சிலாகிக்கிறாங்களே, அதேதான். கரணையால தேய்ச்சுத் தேய்ச்சுப் பளபளப்பாக்கி, வாரக்கணக்குல பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தி, அப்புறம் தேங்காய் எண்ணெய் தேய்ச்சு வளர்த்த தரை. மூட்டை அருமைன்னா கவனமும் அருமையா இருக்கும் போல.

அந்தத் தரையில கட்டம் கட்டமா கோடு இருக்கும். ஈரம் காயறதுக்குள்ள நூல் புடிச்சு அழுத்தின கோடு. சின்ன வயசுல நாங்க பாண்டி ஆடினது அதுலதான். அழகுக்குப் போட்டதுன்னுதான் ஊர்ல எல்லாரும் சொல்வாங்க. கான்கிரீட் புஸ்தகத்தைப் புரட்டினப்போதான் புரிஞ்சுது. சிமெண்ட் காயும்போது சுருங்கும். தவிர்க்கவே முடியாது. சுருங்கற இழுப்பு எங்கயாவது கிழிச்சுத்தான் ஆகணும். கோடு போட்டு ஒரு இடத்தை மெலிசாக்கி வச்சா, கிழியறது அந்தக் கோட்டுக்குள்ளயே கிழியும், கண்ணுக்குத் தெரியாது. இன்னைக்குக் கணக்குப்படி, தளத்தோட கனத்தைப் போல 24லேர்ந்து 36 மடங்கு தூரத்துக்கு ஒரு கோடு, ஆழம் கனத்துல கால்வாசி. நாலு இஞ்ச் தளம்னா எட்டடிலேர்ந்து பன்னெண்டடிக்கு ஒண்ணு. பேர் தெரியாத அந்தக் கொத்தனார் விரிசலுக்கு முன்கூட்டியே இடம் ஒதுக்கி வச்சிட்டுப் போயிருக்கார்.

1982ல பாதி, 1989 மார்ச்சுல முழுசா, சிமெண்டுக் கட்டுப்பாடு போச்சு. நல்ல விஷயம்தான், ஏழைக்கும் மூட்டை கிடைச்சுது. ஆனா கூடவே சரக்கும் மாறுச்சு. நைசா அரைச்ச, சீக்கிரம் வலுவேறுற 53 கிரேடு மாதிரி வகைங்க வந்துச்சு. சீக்கிரம் இறுகும், சூடும் அதிகம், தண்ணி நிறுத்தாம விட்டா விரிசலும் அதிகம். பழைய கொரகொர சிமெண்டுல தண்ணி படாத துகள் உள்ள மிச்சம் இருக்கும், விரிசல் விழுந்து ஈரம் பட்டா அதுவும் சுண்ணாம்பு மாதிரியே கொஞ்சம் அடைச்சுக்கும். புதுசுல அது குறைவு. அதோட வேலையும் மொத்தமா காண்ட்ராக்ட் கைக்குப் போச்சு. நூல் புடிக்க நேரமில்ல, பாத்தி கட்ட நேரமில்ல.

எங்க வீட்டு முன்னாடி வாசல் தளம் அதுக்கு நல்ல சாட்சி. டிராக்டரும் பைக்கும் நிறுத்த, நெல்லு காயவைக்க, பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒரு காண்ட்ராக்டர் போட்டது. இருபதடிக்குப் பதினாறடி, நாலு இஞ்ச், ஒரு கோடு கிடையாது. அடுத்த கோடைக்குள்ள கிட்டத்தட்ட நட்டநடுவுல சிமெண்டே ஒரு கோடு போட்டுக்கிச்சு. ஆயா கால் இடிச்சது இதுலதான், உள்தரையில இல்ல! ஒரு விரிசலுக்காக இன்னொரு தரையை உடைக்கக் கிளம்பினதுதான் எங்க வீட்டுப் பஞ்சாயத்தே.

உள்தரையில இருக்கிறது மயிரிழை விரிசல். மேல் சிமெண்ட் தோல் சுருங்கினது, பல வருஷமா அப்படியே இருக்கு. அதுக்கு வேலை கம்மி. பிரஷ்ஷால அழுக்கை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, நனைச்சு, மேல் ஈரம் போனதும், சிமெண்டும் காவியும் கட்டடத்துக்கு விக்கிற லேட்டக்ஸ் பாலும் குழைச்சுத் துணியால அழுத்தித் தேய்ச்சேன். ஒரு வாரம் ஈரச்சாக்கு. நிறம் சுத்தமா ஒட்டல, உத்துப் பாத்தா தெரியும். ஆயா உத்துப் பாக்கல.

வாசல் தளம் வேற கேஸு. அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரே கேள்விதான்: விரிசல் நின்னுபோச்சா, இன்னும் நடமாடுதா? அதுக்குப் பழைய இன்ஜினியருங்க வழி ஒண்ணு இருக்கு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிசுக் கண்ணாடித் துண்டை வச்சு ரெண்டு முனையையும் சிமெண்டால ஒட்டணும். விரிசல் அசைஞ்சா கண்ணாடி உடையும். மே மாசக் கத்திரி வெயில்ல ஒட்டினேன். அப்பா தினம் வந்து பாத்துட்டு "என்னடா உன் கண்ணாடி, அப்படியே கெடக்குது"ன்னு நக்கல். ஐப்பசி அடைமழையில ஒரு ராத்திரி பட்டுன்னு உடைஞ்சுது. அடியில நம்ம களிமண்ணு ஊதிடுச்சு.

நடமாடுற விரிசல்ல கெட்டிக் கலவையைத் திணிச்சா என்னாகும்? கோடையில விரிஞ்சிருக்கும்போது அடைச்சா, மழைக்கு மூட இடமில்லாம ரெண்டு விளிம்பும் மோதிப் பேர்ந்துக்கும். ஊர்ல பாதி வாசல்ல அடைச்ச இடத்துக்குப் பக்கத்துலயே மறுபடி வெடிச்சிருக்கிறதுக்கு இதுதான் காரணம். கலவை மேல பழி போடுவாங்க. அதனால நான் அடைக்கல, கோடாக்கினேன். மழை விட்டு நாலு நாள் காஞ்சதும், கட்டர் மிஷினால விரிசல் கூடவே ஒரு இஞ்ச் ஆழத்துக்குக் கீறி (தண்ணி ஊத்திக்கிட்டே, மூக்குல மாஸ்க் போட்டுக்கிட்டு, அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்), தூக்கிட்டு இருந்த விளிம்பைத் தேய்ச்சு மட்டமாக்கி, உள்ள நுரைக்கயிறு திணிச்சு, மேல ரப்பர் மாதிரி இழுபடுற பாலியூரிதேன் பசையை நிரப்பினேன். இழுத்தா இழுபடும், நசுக்கினா நசுங்கும். செலவு ரெண்டாயிரத்துச் சொச்சம். டைல்ஸ் கொட்டேஷன் ஒண்ணரை லட்சம்.

ஆயா வெறுங்காலோட வாசல்ல ரெண்டு நடை நடந்து பாத்துட்டு, "இதுலயும் நெல்லு ஒட்டுமாடா?"ன்னாங்க. காஞ்சப்புறம் ஒட்டலை, கைப்பிடி நெல்லைக் கொட்டிப் பாத்தாச்சு. டைல்ஸ் பேச்சு இப்போதைக்கு நின்னிருக்கு, அப்பா இன்னும் ஒரு கோடை பாக்கணும்னு சொல்லியிருக்கார்.

டிஸ்கி: தூண், உத்திரம், தளக்கூரையில விரிசல்னா இதைப் படிச்சுட்டுக் கரணையைத் தூக்காதீங்க, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்க. நான் சாப்ட்வேரு.

பி.கு: தரையில நூல் புடிச்சு அழுத்துற அந்தக் கோட்டுக்கு எங்க பக்கம் தனிப்பேர் எதுவும் காதுல விழல, "கோடு"ன்னுதான் சொல்றாங்க. வில்லியனூர் பக்கமோ, மதுரை, நெல்லைப் பக்கமோ கொத்தனாருங்க வேற பேர் சொல்வாங்களா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல போடுங்க.