வீடு: விட்ட இடம்

புதுமனை புகுவிழாவிலும் பட்டிமன்றத்திலும் ஒரு சொல்விளக்கம் ஓயாமல் காதில் விழுகிறது. வீடுபேற்றின் இன்பம் இங்கேயே கிடைப்பதால்தான் குடியிருக்கும் இடத்துக்கும் முன்னோர் ‘வீடு’ என்று பெயர் வைத்தார்களாம். கைதட்டலுக்குக் குறைவில்லை. மோட்சத்தைப் பார்த்துத் தன் குடிசைக்குப் பெயரிட்ட உழவன் எவன் என்றுதான் யாரும் கேட்பதில்லை.

கெடு கேடானது போல, சுடு சூடானது போல, விடு வீடாயிற்று. முதனிலை திரிந்த தொழிற்பெயர். பொருள் விடுதல், அவ்வளவே. குறள் 791-இல் நட்பை விட்டு நீங்குதலுக்கு வள்ளுவர் ஆளும் சொல் இதுவே. திருவாய்மொழி முதற்பத்தின் இரண்டாம் திருவாய்மொழியில், முதல் பாட்டிலேயே நம்மாழ்வார் நான்கு முறை இச்சொல்லைப் பெய்கிறார். ஒன்றிலும் சுவரோ கூரையோ கிடையாது.

அப்படியானால் குடியிருக்கும் வீடு எதை விட்ட இடம்? அண்டை மொழிகளைக் கேளுங்கள். கன்னடத்தில் பீடு என்றால் படை இறங்கித் தங்கிய இடம். அரசன் உறைந்த ஊரைக் கன்னடக் கல்வெட்டுகள் நெலெவீடு என்கின்றன. தெலுங்கில் வீடு ஊருக்கும் பாசறைக்கும் பெயர். கல்யாணத்துக்கு வந்தவர்கள் தங்குமிடம் விடிதி. நம் விடுதியும் பாடிவீடும் இந்தக் கூட்டம்தான். நடை ஓய்ந்து, சுமை இறக்கி, மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்து விட்ட இடம் வீடு. துறவி விட்டதும் வீடு என்றால், இரண்டும் ஒருதாய்ப் பிள்ளைகள். ஒன்று மற்றொன்றைப் பெறவில்லை.

சங்கப் புலவர்க்குக் குடியிருப்பு இல், மனை, அகம். குறுந்தொகை 167-இல் கூடலூர் கிழார் ஓர் இளம் மனைவியைக் காட்டுகிறார். தயிர் பிசைந்த விரலோடு, உடையைக்கூட மாற்றாமல், தாளிப்புப் புகை கண்ணில் படியப் புளிக்குழம்பு வைக்கிறாள். நன்றாயிருக்கிறது என்று கணவன் உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. இல்லற நிறைவுக்கு வேறு சான்று எனக்கு வேண்டாம். வீடு என்ற சொல்லும் பேரின்பமும் அப்பாட்டில் இல்லை, குழம்பு இருக்கிறது.

‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்பவர் செங்கல்லையா கேட்கப் போகிறார்? இல்லிலிருந்து இல்லாள், மனையிலிருந்து மனைவி, அகத்திலிருந்து அகமுடையாள் வந்த தடத்திலேயே வீட்டுக்காரியும் வந்தாள். ‘ஆத்துக்காரர்’கூட ஆற்றங்கரைக்காரர் அல்லர், அகத்துக்காரர். இடத்தின் பெயரை ஆளுக்கு ஏற்றுவது நம் பழைய வழக்கம்.

பள்ளிக்கூடம் விட்டாச்சு, மில் விட்டாச்சு என்கிறோம். விட்டதும் போகுமிடம் வீடு. இன்னும் ஓலைச்சான்று கேட்பவர், மாலையில் செருப்பைக் கழற்றி, சட்டையை ஆணியில் மாட்டி, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துப் பிள்ளைகள் நடுவே உட்காருபவனைப் பார்க்கட்டும். எனக்கு அது போதும். மோட்சக் கதையை மேடைப் பேச்சாளர்கள் இனியாவது விட்டுவிடலாம்.