குடமும் கொழுந்தும் ரோபோவும்: கேரள எல்லைப்புறத்தில் வடிவமைப்பு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் மழைமறைவு நிலம். கொழிஞ்சாம்பாறை, வடகரைப்பதி, எருத்தேம்பதி எனத் தமிழ் புழங்கும் ஊர்கள் அங்கே அடுத்தடுத்து வரும். கோடை முற்றினால் தண்ணீர்த் தட்டுப்பாடுதான் பேச்சு. இந்த மாவட்டத்தின் ஐயம்பதி என்ற சிற்றூரில், தண்ணீர் சுமக்கும் ரோபோ ஒன்றை ஊராரோடு நடக்கவிட்டு ஓர் ஆய்வு நடந்தது. நடத்தியவர்கள் அமிர்தா விஸ்வ வித்யாபீடத்தின் அம்மாச்சி லேப்ஸ் ஆய்வாளர்களும் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அமோல் தேஷ்முக்கும். முடிவுகள் 2018இல் வெளிவந்தன. ரோபோவோடு முன்பின் பழகியிராத கிராமத்து மக்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே ஆய்வின் கேள்வி. அந்தக் கேள்வி பிறந்து வளர்ந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான், அது எதைக் கேட்கத் தவறியது என்பதும் விளங்கும்.

வடிவமைப்பு ஆய்வின் ஒரு வேர் தொழிற்சங்கத்தில் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து கிறிஸ்டன் நிகார்ட் வேலை செய்தார். ஆலைக்குள் வரும் கணினி தங்கள் வேலையை என்ன செய்யும் என்பதைத் தொழிலாளர்களே ஆராயட்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1981 முதல் 1985 வரை ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் நடந்த ‘உட்டோப்பியா’ திட்டம் அச்சுத் தொழிலாளர்களை வடிவமைப்பு மேசைக்கே கொண்டுவந்தது. இன்னும் வாங்காத கருவிக்குப் பதிலாக ஓர் அட்டைப்பெட்டியை வைத்து, அது அச்சிடும் எந்திரம் என்று பாவித்து, அன்றாட வேலையைச் செய்து பார்த்தார்கள். எந்த இடத்தில் கை தடுக்குகிறது, யாருடைய வேலை யாரிடம் போய்ச் சேருகிறது என்பது பணம் செலவழிக்கும் முன்பே தெரிந்துவிட்டது. இவ்வளவு மலிவான, இவ்வளவு நேர்மையான ஆய்வுமுறை வேறில்லை என்பேன்.

அமெரிக்காவில் லூசி சச்மன் என்ற மானிடவியலாளர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நகலெடுக்கும் எந்திரத்தின் முன் திணறுபவர்களைக் கூர்ந்து கவனித்து, 1987இல் ஒரு நூல் எழுதினார். மனிதர் திட்டப்படி நடப்பதில்லை, அந்தந்த நேரத்துச் சூழலுக்கேற்ப நடக்கிறார்கள் என்று அது காட்டியது. 2006இல் ஜோடி போர்லிட்ஸியும் கார்ல் டிசால்வோவும் ரூம்பா என்ற தரைத் தூசு உறிஞ்சும் ரோபோ வீடுகளில் என்ன செய்கிறது என்று போய்ப் பார்த்தார்கள். வீட்டில் யார் பெருக்குவது என்ற வழக்கமே அந்தக் கருவியால் மாறியிருந்தது.

இன்னொரு வேர் வினாநிரலில் இருக்கிறது. 1989இல் பிரெட் டேவிஸ் வகுத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி, ஒரு கருவி பயனுள்ளதா, எளிதானதா என்று மக்கள் கருதுவதை அளக்கிறது. 2009இல் கிறிஸ்டோப் பார்ட்னெக்கும் உடன் ஆய்வாளர்களும் ரோபோக்களுக்கென்றே அளவுகோல்களைத் தொகுத்தார்கள்: மனிதச் சாயல், உயிர்ப்பு, விருப்பம், அறிவு, பாதுகாப்பு உணர்வு. எண்களாக வருவதால் நாடு விட்டு நாடு ஒப்பிட இவை வசதி. வேலை யாருடையது என்று மட்டும் இவை கேட்பதில்லை.

ஐயம்பதிக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவது வழி. அங்கே தண்ணீர் சுமந்த ஹஸ்கி என்ற ரோபோ கனடாவின் கிளியர்பாத் நிறுவனத் தயாரிப்பு: நான்கு தடித்த சக்கரம், மேலே தட்டையான தளம், முகமும் கையும் கிடையாது. 50 கிலோ எடையுள்ள அந்த வண்டி 75 கிலோ வரை சுமக்கும். நாம் புழங்கும் 15 லிட்டர் பிளாஸ்டிக் குடம் நான்கைத் தாராளமாக ஏற்றலாம். இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சுமப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. தொழில்நுட்ப ஏற்பு, சமூக-பண்பாட்டுத் தாக்கம், பாலினப் பார்வை ஆகிய மூன்றையும் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். மனித உருவம் துளியும் இல்லாத அந்த வண்டியை உயிருள்ளதுபோல் ஊரார் பாவித்ததைப் பதிவு செய்தார்கள். இது மதிப்புள்ள பதிவு. தண்ணீர் சுமப்பது பெண்ணின் தலையில் விழுந்த வேலை என்பதை மறைக்காமல் பாலினத்தைக் கேள்வியாக்கியதும் பாராட்டத்தக்கது. ஆனால் வண்டி ஆயத்தமாக வந்தது. அதன் உயரம், குரல், பாதை பற்றி முதல் சொல் சுமப்பவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும். பள்ளத்தில் சக்கரம் சிக்கினால் தூக்கிவிடப்போவதும் அதே பெண்கள்தானே?

அடுத்த ஆண்டு இதே கூட்டணி வயநாட்டின் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ‘பெப்பே’ என்ற ரோபோவைக் கை கழுவும் இடத்துச் சுவரில் பொருத்தியது. பச்சை நிறக் கை வடிவம், நகரும் கண்கள், பேசும் வாய். மறைவிலிருந்து ஒருவர் இயக்கினார். குழந்தைகள் கை கழுவுவது 40 விழுக்காடு கூடியதாக 2019இல் அறிவித்தார்கள். அதே கேரளத்தில் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம், தான் உருவாக்கிய பாண்டிக்கூட் என்ற கழிவுநீர்க் குழி துப்புரவு ரோபோவை இயக்க, குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களுக்கே பயிற்சி தந்தது. எல்லைப்புறத்துக்குப் பாண்டிக்கூட்டின் பாடமே கூடுதலாகப் பொருந்தும்.

காரணம் இடுக்கி மாவட்டம். அங்கே தேவிகுளம், பீர்மேடு தேயிலை மலைகளில் லயங்கள் எனும் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் தமிழ்த் தொழிலாளிகள் பறிக்கும் கொழுந்துக்குக் கூலி எடையோடு பிணைந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் பெண்கள் திரண்டு போராடினார்கள். நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாய்க்கு உயர்ந்தது. கூடவே நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவானது. இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு பறிக்கும் ரோபோ நுழைந்தால், அதைப் பிடித்திருக்கிறதா என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டு என்ன பயன்? அது மிச்சப்படுத்தும் உழைப்பு யார் கணக்கில் ஏறும், எடை அளவு மறுபடி கூடுமா, சரிவில் நிற்கும் முதுகுக்கு ஓய்வு கிடைக்குமா என்பவையே அங்கே ஆய்வுக் கேள்விகள். அவற்றை எழுப்பத் தெரிந்தவர்கள் 2015இல் தெருவில் உட்கார்ந்த பெண்கள்.

நார்வேயில் சங்கத்தோடு தொடங்கிய முறைக்கு இந்த மலைகளைவிடப் பொருத்தமான களம் தென்னிந்தியாவில் அரிது. பாலக்காட்டு ஐஐடியும் எட்டிமடையில் உள்ள அமிர்தாவும் இதே எல்லைப்புறத்தில் இருக்கின்றன. அடுத்த ஆய்வுக்குப் போகும் மாணவர்கள் ரோபோவை ஆய்வகத்திலேயே விட்டுவிட்டு, அட்டைப்பெட்டியோடு போகட்டும். தமிழில் கேட்கட்டும். குடம் சுமப்பவரையும் கொழுந்து பறிப்பவரையும் சக வடிவமைப்பாளராக அமர்த்தி, செலவழிக்கும் நேரத்துக்கு நாட்கூலியும் கொடுக்கட்டும்.