பாதியும் இரட்டியும்: பிட் பெயர்ச்சியின் சமூக அடித்தளம் பற்றிய ஒரு குறிப்பு

தெல்லிப்பழையின் செம்மண் காணிகளுக்குரிய உறுதிகளைப் படிப்போர் அவற்றினுள் ஒரு கணிதத்தைக் காண்பர். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையின்படி முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறும் நிலமும் கிணறும் அரைப்பங்கு, காற்பங்கு, அரைக்காற்பங்கு எனப் பின்னங்களாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. ஓர் ஏக்கர் 16 பரப்பு. தலைமுறைதோறும் அது இருவருக்குச் சமமாகப் பிரியுமாயின் 8, 4, 2, 1 எனத் தேய்ந்து நான்காம் தலைமுறையில் ஒரு பரப்பே எஞ்சும். கணினி நிரலாளர் ‘பிட் பெயர்ச்சி’ என வழங்கும் செயலின் பயனும் இத்தகைய பாதியாக்கலும் அதன் மறுதலையான இரட்டித்தலுமேயாம். எனினும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. வேறுபாடு யாது என்பதை இங்கு நோக்குவோம்.

கணினி எண்களை 0, 1 என்னும் இரு குறிகளாலேயே எழுதுகிறது. 13 என்பது அங்கு 1101. அக்குறிகள் அனைத்தையும் ஓரிடம் இடப்புறம் பெயர்த்து, வெற்றிடத்தில் சுழியம் இட்டால் 11010, அதாவது 26 கிடைக்கும். வலப்புறம் பெயர்த்தால் 110, அதாவது 6. ஆறரை வரவேண்டிய இடத்தில் அரை மறைந்துவிடுகிறது. காணியிலோ ஒரு பரப்பைப் பிரித்தால் கணக்கு குழியில் தொடரும், நிலம் மறைவதில்லை. இயந்திரத்தில் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட குறி இல்லாதொழிகிறது. எட்டே இடங்கள் கொண்ட பெட்டியில் 200ஐ இடப்புறம் பெயர்த்தால் 400க்குப் பதிலாக 144 தோன்றுவதும் இதனாலேயே. குறை எண்களிலும் விழிப்பு வேண்டும். குறியைக் காக்கும் வலப் பெயர்ச்சி -7ஐ -4 ஆக்கும். சி மொழியின் வகுத்தலோ -3 தரும்.

இரட்டித்தல் தமிழருக்குப் புதிதன்று. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனனஞ் செய்த நெல்லிலக்கத்தை நோக்குக. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு நாழி, 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி. ஆகவே ஒரு தூணி 256 ஆழாக்கு. இரண்டின் எட்டாம் அடுக்கு. 3 தூணி கொண்ட கலத்தில் இவ்வொழுங்கு முறிகிறது. நிரலாளரும் மூன்றால் பெருக்க, எண்ணை ஓரிடம் பெயர்த்து அதனோடு மூல எண்ணைக் கூட்டலாம்.

இதனைக் கொண்டு நம் முன்னோர் கணினியை அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுவோர் உளர். அது வரலாற்று நோக்காகாது. நெல்லிலக்கத்தில் ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் உண்டு, இடமதிப்பு இல்லை. பழைய தமிழெண் முறையிலும் பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக் குறிகளே வழங்கின. பெயர்ப்பதற்கு இடம் வேண்டும். இடத்தைக் காக்கச் சுழியம் வேண்டும். நெல்லளந்த உழைப்பும் அதனை வாரமாகவும் வரியாகவும் பிரித்த உற்பத்தி உறவுகளும் பாதியாக்கலை வளர்த்தன. இரு குறிகளாலான எண் முறையை 1703இல் லைப்னிட்ஸ் விளக்கி வெளியிட்டார். எனினும் இருபதாம் நூற்றாண்டின் மின்சுற்றுகளே அதனை உற்பத்திக் கருவியாக்கின. ஒரே செயல் இருவேறு சமூகத் தேவைகளில் இருவேறு வடிவம் பெற்றது என்பதே பொருத்தமாகும்.

பெருக்கல் மெதுவாக நடந்த பழைய இயந்திரங்களில் வேகத்திற்காகவே பெயர்ச்சி கையாளப்பட்டது. இன்று நிரல்பெயர்ப்பியே அதனைச் செய்துவிடுவதால், எட்டால் பெருக்க வேண்டுமெனில் எட்டால் பெருக்குக என்று எழுதுவதே தெளிவு. இடமே பொருளாக அமையும் வேளைகளில்தான் பெயர்ச்சி இன்றியமையாதது. சிவப்பை 16 இடம், பச்சையை 8 இடம் இடப்புறம் பெயர்த்து நீலத்துடன் சேர்த்தால் ஒரு நிறம் முழுவதும் ஓரெண்ணில் அடங்கும். 1ஐ வேண்டிய இடத்திற்குப் பெயர்த்து ஓர் அனுமதி உண்டா இல்லையா எனச் சோதிக்கலாம். கருவிகளின் பதிவகங்களும் வலையமைப்புச் செய்திகளின் தலைப்புகளும் இவ்வாறே கையாளப்படுகின்றன.

எட்டிடமா, முப்பத்திரண்டிடமா என்பது இயற்கை விதியன்று. மனிதர் செய்த தீர்மானம். எந்த எச்சம் கைவிடப்படும் என்பதும் அத்தீர்மானத்திலேயே அடங்கியுள்ளது. உறுதியில் அரைக்காற் பங்கின் கணக்கை விடாது வினவும் உழவரின் பிள்ளைகள் இவ்வினாவை இயந்திரத்திடமும் எழுப்பவேண்டும். அதற்கு இவ்வறிவு அவர்தம் தாய்மொழியில் அவர்களைச் சென்றடைதல் வேண்டும்.